ஏற்றத்தில் நின்ற கார்

"இன்னும் மிதியுங்கள். கடைசி வரைக்கும்," என்று சிங்களத்தில் சொன்னான் புகைப் பரிசோதனை நிலையத்து இளைஞன்.

செல்லசாமி அக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினார். கார் முழுவதும் நடுங்கியது. கதவுக் கண்ணாடிகள் தடதடத்தன. சைலன்சருக்குள் செருகியிருந்த குழாயிலிருந்து ஒரு வயர் மேசை மேல் இருந்த கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. இளைஞன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லசாமி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கள். திரும்ப மிதியுங்கள்."

ஏறக்குறைய அவர் வயதேயான கார் அது. உடம்பு இங்கிலாந்தில் செய்தது. நம்பர் பிளேட்டில் இன்னும் அந்தக் காலத்து ஸ்ரீ எழுத்து இருந்தது. பெற்றோல் எஞ்சின் என்றைக்கோ செத்துப்போய், ஒரு ஜப்பான் வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ராகலைக்கும் டன்மோர் தோட்டத்துக்கும் இடையில் ஹயர் ஓட்டிப் பிழைக்கும் எவனும் தன் எஞ்சினை இப்படி உயிர்போக மிதிக்கமாட்டான். ஏதாவது உடைந்தால் நிலையம் பொறுப்பில்லை என்று முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் வருடாந்த லைசன் கிடையாது என்ற சட்டம் மலைக்கும் வந்துவிட்டிருந்தது. சட்டமே தப்பு என்று செல்லசாமி சொல்லமாட்டார். தன் காருக்குப் பின்னால் நடந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதை அவரே கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஆனால் போன வாரம் இதே இடத்தில் ஃபெயிலாகித் திரும்பும்போது, ராகலை ஜங்சன் சோதனைச் சாவடியில் சார்ஜன்ட் மறித்து, "இன்னொரு தடவை இந்தப் புகையோடு பார்த்தால் காரை ஸ்டேஷனில் போட்டுவிடுவேன்," என்று எச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பஸ் இரண்டு பேர் மேலும் கரும்புகையைக் கக்கிவிட்டுப் போயிற்று. சார்ஜன்ட் இருமிக்கொண்டே எச்சரிக்கையைத் தொடர்ந்தார். அதைத்தான் செல்லசாமியால் மறக்க முடியவில்லை.

இளைஞன் குழாயை உருவினான். "பாஸ்," என்றான், தலையை நிமிர்த்தாமலே.

செல்லசாமிக்குச் சந்தோஷம் வரவில்லை. பாஸானது காரில்லை, இஸ்ஸதீனின் கை என்று அவருக்குத் தெரியும். முதல் நாள்தான் ராகலைக் கராஜில் இஸ்ஸதீன் பொனட்டுக்குள் குனிந்து டீசல் பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினார்.

"டீசல் கொறயப் போற மாதிரி வெச்சிருக்கேன். பொக வராது. ஆனா இழுவயும் ஈக்காது. வெறும் காரோட போங்க, வெறும் காரோட வாங்க. டெஸ்ட் முடிஞ்ச கையோட நேரா இங்க வரணும், கேட்டீங்களா? பழையபடி கூட்டித் தாறேன்."

"எல்லாரும் இப்படித்தான் செய்றாங்களா, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் செல்லசாமி.

"மலையில ஓடுற பழைய வண்டியில பாதி இப்படித்தான் பாஸாகுது. வேற என்ன செய்யேலும், சொல்லுங்க?"

இழுவை இருக்காது என்றதன் அர்த்தம் நுவரெலியாவிலிருந்து திரும்பும் வழியில் புரிந்தது. ஆளில்லாத கார், சின்ன ஏற்றங்களில்கூட இரண்டாம் கியரில் மூச்சிரைத்தது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்து முந்திக்கொண்டு போனார்கள். சைலன்சரில் புகை இல்லை. எஞ்சினில் உயிரும் இல்லை.

ராகலைக்கு வந்தபோது இஸ்ஸதீனின் கராஜ் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போயிருந்தார். தொழுகை முடிந்து வரட்டும் என்று செல்லசாமி கராஜ் வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் போன் அடித்தது. டன்மோர் கங்காணி அழகன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? எட்டாம் நம்பர் மலையில கொளவி கலைஞ்சிருச்சு! நாலஞ்சு பேருக்குக் கொட்டிருச்சு. முத்துப்பேச்சியக்கா பேச்சு மூச்சில்லாம கெடக்குறாங்க. லொறி ஒர மூட்டை ஏத்தப் போயிருச்சு, தொரையோட ஜீப்பும் இல்ல. ஓடியாங்கண்ணே!"

"வடிவுக்கு என்னாச்சு? அழகா, வடிவு எங்க?"

லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தபோது தொடர்பு கிடைக்கவில்லை.

அவர் மனைவி சண்முகவடிவு இன்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது எட்டாம் நம்பரில்தான்.

செல்லசாமி இறங்கி ஸ்டாண்டுக்கு ஓடினார். அங்கே ஒரேயொரு ஆட்டோ நின்றது. எட்டாம் நம்பர் என்றதுமே டிரைவர் தலையை ஆட்டினான். "அந்த ரோட்டுல எறங்கினா ஆளோட திரும்ப ஏறாதுங்கண்ணே. போன மாசம் பட்டிருக்கேன்." பள்ளிவாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். படிகளில் செருப்புகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. உள்ளே போய்த் தொழுகையில் நிற்கிற மனிதரை எப்படி இழுத்துக்கொண்டு வருவது? எவ்வளவு நேரம் காத்திருப்பது?

காத்திருக்க அவரால் முடியவில்லை. தோட்டம் கீழே இருக்கிறது, போகும்போது இறக்கம்தான். ஏறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காரைக் கிளப்பினார்.

எட்டாம் நம்பர் மலையின் அடிவாரத்தில், ரோடு முடியும் இடத்தில் கூட்டம் நின்றது. கூடைகள் நாலாபுறமும் கவிழ்ந்து கிடந்தன. கார் வளைவில் திரும்பும்போதே செல்லசாமி ஒவ்வொரு முகமாகத் தேடினார். வடிவு நின்றுகொண்டிருந்தாள். இடது கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அவிழ்த்துத் தரையில் கிடந்த முத்துப்பேச்சியின் மேல் போர்த்தியிருந்தாள். அதைச் சுழற்றித்தான் குளவிகளை விரட்டியிருக்கிறாள்.

"என்னயப் பாக்க வேணாம், அக்காவத் தூக்குங்க," என்றாள்.

முத்துப்பேச்சியின் முகம் அடையாளம் தெரியவில்லை. கண்கள் வீக்கத்துக்குள் புதைந்துவிட்டன. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் ஒரு விசில் சத்தம். அவளைப் பின்சீட்டில் கிடத்தித் தலையை வடிவு மடியில் வைத்துக்கொண்டாள். இளம்பெண் இராஜகுமாரி வாந்தியெடுத்தபடி முன்சீட்டில் சாய்ந்தாள். கொட்டு வாங்கிய மற்ற இரண்டு பெண்களும் பின்னால் நெருக்கி ஏறினார்கள். அழகன் கதவுப் படியில் தொற்றிக்கொண்டான்.

கார் கிளம்பியது. முதல் வளைவைத் தாண்டியது. வழியில் இருந்த ஒரு பழைய பண்ணைக்குக் கீழே ரோடு செங்குத்தாக எழும் இடத்தில் முதல் கியரிலும் முக்கியது, திணறியது, ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தும் கார் பின்னால் வழுக்கியது. பெண்கள் அலறினார்கள். அழகன் குதித்துச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான்.

"என்னாச்சுங்க?" என்றாள் வடிவு.

"இழுக்கல. பம்பக் கொறச்சு வெச்சிருக்கு."

"எதுக்கு?"

"பொக டெஸ்டுக்கு."

"அப்பக் கூட்டுங்க."

"கூட்டினா பொகையும் வரும். ஜங்சன்ல சார்ஜன்ட் நிக்கிறாரு. போன வாரமே கார எடுத்துருவேன்னு..."

"இங்க வந்து அக்கா ஒதட்டப் பாருங்க," என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "நீலமா மாறிக்கிட்டு வருது. நீங்க சார்ஜன்டப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்க."

செல்லசாமி இறங்கினார். டிக்கியில் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூட்ரைவரும் இருந்தன. பொனட்டைத் தூக்கினால் அனல் முகத்தில் அடித்தது. நேற்று இஸ்ஸதீனின் கை எங்கே போனது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். பம்புக்குப் பின்னால் ஒரு நட், அதன் நடுவில் ஸ்க்ரூ. அதுதானா, அதற்குப் பக்கத்தில் இருந்ததா? விரல் சூட்டுக் குழாயில் பட்டுத் தோல் உரிந்தது. காருக்குள்ளிருந்து அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை உள்ளே திருகினார். எவ்வளவு திருகுவதென்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு நட்டை இறுக்கினார்.

சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் முனகிற்று. மறுபடி திருப்பினார், முனகல் இன்னும் மெலிந்தது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை, இனி இல்லை என்று நினைத்த நொடியில், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் வெறிபிடித்த மாதிரி உறுமியது. பின்னால் கரும்புகை குபுகுபுவென்று எழுந்து தேயிலைச் செடிகளை மூடியது. நடக்க முடிந்த இரண்டு பெண்களும் கேட்காமலே இறங்கி அழகனோடு சேர்ந்து தள்ளினார்கள். கார் ஏறியது.

"நிக்காதீங்கண்ணே, நாங்க நடந்து வாறோம், போயிருங்க!" அழகனின் குரல் புகைக்குள்ளிருந்து வந்தது.

மெயின் ரோட்டில் ஏறியபோது செல்லசாமியின் சட்டை நனைந்திருந்தது. பின்னால் எதுவும் தெரியவில்லை, கறுப்பு மட்டும்தான். இன்னொரு தடவை எஞ்சின் நின்றால் திரும்பக் கிளம்பாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கியர் மாற்றும்போதுகூட அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கப் பயந்தார்.

சோதனைச் சாவடி தெரிந்தது. தார் பீப்பாய்கள், நடுவே ஒரு கார் போகிற வழி. சார்ஜன்ட் தூரத்திலேயே புகையைப் பார்த்துவிட்டார். ரோட்டின் நடுவுக்கு வந்து கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் துவக்கோடு ஒரு இளம் கான்ஸ்டபிள்.

வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த மாதம். மறித்த இடத்தில் நிற்காமல் போன வாகனத்தைப் பற்றி, அதுவும் தமிழன் ஓட்டிய வாகனத்தைப் பற்றி, யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. செல்லசாமியின் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று.

"நிக்கப் போறீங்களா?" என்றாள் வடிவு பின்னாலிருந்து.

"துவக்கு வெச்சிருக்கான் வடிவு."

"நின்னா கெளம்புமா?"

"கெளம்பாது."

முத்துப்பேச்சியின் விசில் சத்தம் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் அவர் கவனித்தார். காலை பிரேக்கிலிருந்து எடுத்தார். விளக்கைப் போட்டார், ஹோர்னில் கையை வைத்தவர் எடுக்கவில்லை.

"நவத்தன்ன!" நிறுத்து என்று கத்திக்கொண்டே சார்ஜன்ட் ரோட்டோரத்துக்குப் பாய்ந்தார். கான்ஸ்டபிள் துவக்கைத் தூக்கிக் காரை நோக்கிப் பிடித்தான். அந்தக் குழல் தன் கண்ணாடிக்கு நேராக நகர்ந்து வருவதைச் செல்லசாமி பார்த்தார். இராஜகுமாரி முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

வடிவு கண்ணாடியை இறக்கி இடுப்பு வரைக்கும் வெளியே வந்தாள். வீங்கிய கையை நீட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்: "தெபரு மாத்தயா! தெபரு! தெபரு!"

மாத்தயா என்றால் ஐயா; குளவிக்குச் சிங்களத்தில் அவளுக்குத் தெரிந்த வார்த்தை தெபரு. மலையில் வளர்ந்த எவனுக்கும் அது போதும். கார் பீப்பாய்களுக்கு நடுவே புகுந்தது. துவக்கு கூடவே திரும்பியது. பின்சீட்டில் கிடந்த முகத்தைக் கான்ஸ்டபிள் ஜன்னல் வழியாகப் பார்த்தான். துவக்கு மெல்லத் தாழ்ந்தது. அதற்குள் அவர்கள் எல்லோரையும் புகை மூடிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் தானாகவே நின்றது. இரண்டு அட்டெண்டன்ட்மார் முத்துப்பேச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வடிவு பின்னாலேயே ஓடினாள். செல்லசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கையை எடுக்க முயன்றார், விரல்கள் விரியவில்லை.

சார்ஜன்ட் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். காரைக் கடந்து நேராக உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது தொப்பி கையில் இருந்தது.

"மூச்சு வந்துவிட்டது," என்றார் சிங்களத்தில். "ஊசி போட்டிருக்கிறார்கள். இறங்கு."

செல்லசாமி இறங்கி நின்றார்.

"ஏன் நிற்கவில்லை?"

"நின்றால் திரும்பக் கிளம்பாது, மாத்தயா."

"அந்தப் பயல் வேலைக்கு வந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. அவன் சுட்டிருப்பான். தெரியுமா உனக்கு? உன் மனைவி கத்தியிருக்காவிட்டால் சுட்டிருப்பான். அப்புறம் ரிப்போர்ட்டில் உன்னைப் பற்றி நான் என்ன எழுதுவேன்? அவனைப் பற்றி என்ன எழுதுவேன்?" சார்ஜன்டின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. கோபம் என்று முதலில் நினைத்த செல்லசாமி, பிறகு அது பயம் என்று தெரிந்துகொண்டார்.

சார்ஜன்ட் காருக்குள் குனிந்து, டாஷ்போர்ட்டில் கிடந்த புகைச் சான்றிதழை எடுத்துத் திகதியைப் பார்த்தார். "இன்றைக்குக் காலையில் பாஸ். இன்றைக்கு மத்தியானம் இந்தப் புகை. எப்படி?"

"நான் ஸ்க்ரூவைத் திருப்பினேன்."

"எப்போது? டெஸ்டுக்கு முன்னாலா, பின்னாலா?"

இஸ்ஸதீனின் பெயர் வாய்வரை வந்தது. "இரண்டு தடவையும் நான்தான்," என்றார் செல்லசாமி.

சார்ஜன்ட் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவும் இல்லை. கையை நீட்டினார். செல்லசாமி சாவியைக் கொடுத்தார்.

முத்துப்பேச்சியை அன்றைக்கே நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துக் குரல் கம்மிப் போய் லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். இராஜகுமாரியும் மற்ற இருவரும் அடுத்த நாளே வந்துவிட்டார்கள். வடிவின் கை மட்டும் வடிய நாளாயிற்று. செல்லசாமிக்குக் கோர்ட்டில் புகைக்குத் தண்டம் போட்டார்கள். நிற்காமல் போனதற்கு நீதவான் எச்சரித்து விட்டார். மறித்த காருக்குள் குளவி கொட்டிய பெண்கள் இருந்ததாகச் சார்ஜன்ட் தன் வாயாலேயே சாட்சி சொல்லியிருந்தார். கார் திரும்பக் கிடைத்தது, சான்றிதழ் ரத்து. திரும்பவும் டெஸ்ட் பாஸாகும்வரை ரோட்டில் ஏறக்கூடாது.

காரைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். இஸ்ஸதீன் பொனட்டைத் திறந்து, செல்லசாமி திருகி வைத்திருந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ், இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா எஞ்சின் போயிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம் பேரச் சொல்லாம விட்டீங்களாம். கேள்விப்பட்டேன்."

"அத விடுங்க நானா. ஒழுங்கா வெச்சுத் தாங்க. எவ்வளவு இழுக்கணுமோ அவ்வளவு."

ஒழுங்காக வைத்துக்கொண்டு போனார். ஃபெயில். கண்டியிலிருந்து டீசல் பீய்ச்சும் நல்ல நொசில்கள் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். புகை பாதியாகக் குறைந்திருந்தது. அதுவும் போதவில்லை.

"பழையபடி எறக்கித் தாறேன், பாஸாகிரும்," என்றார் இஸ்ஸதீன். "ரோட்டுல ஓடக்குள்ள மட்டும் கொஞ்சம் கூட்டிக்கலாம். கொஞ்சம் கவனமா ஈந்தா..."

செல்லசாமி யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தார். கூட்டினால் சார்ஜன்ட் சும்மா விடமாட்டார், இன்னொரு தடவை மறிக்கையில் யார் கையில் துவக்கு இருக்குமோ தெரியாது. குறைத்தால் எட்டாம் நம்பர் ஏற்றத்தில் நின்றுவிடும்.

"வேணாம் நானா," என்றார். "ஏறாத கார வெச்சுக்கிட்டு ஏறும்னு சொல்லி ஆள் ஏத்த என்னால முடியாது."

லொறி டிரைவர் வேலை தோட்டத்தில் காலியாக இருந்தது. அதில் சேர்ந்துகொண்டார். காரை விற்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். வடிவுதான் மறுத்தாள். "தோட்டத்து ரோட்டுக்கு லைசன் யாரும் கேக்க மாட்டாங்கள்ல? நிக்கட்டும். லயத்துலேருந்து கேட் வரைக்குமாவது போகும்." அவளும் மற்றப் பெண்களும் தொரையின் பங்களாவுக்குப் போய்ப் பேசியதில், ஆபத்து நேரத்தில் காருக்கு டீசல் தோட்டமே கொடுப்பது என்றாயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஒரு வாகனம் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார் தொரை.

மழை தொடங்கிய மாதம். ஒரு மத்தியான நேரம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த நல்லமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செல்லசாமி காரை எடுத்தார். நல்லமுத்துவின் மகள் பின்சீட்டில் அப்பாவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். செங்குத்து ஏற்றத்தில் கார் புகையைக் கக்கிக்கொண்டு நிற்காமல் ஏறியது. தோட்டத்து கேட்டில், மெயின் ரோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னால், செல்லசாமி பிரேக்கைப் போட்டார்.

"ஏண்ணே நிப்பாட்டுறீங்க?" மகள் பதறினாள். "நல்லாத்தானே ஓடுது! அந்தா தெரியுது ராகலை!"

"இதுக்கு மேல இது போகக் கூடாதும்மா. வேன் கூப்பிட்டிருக்கேன், இப்ப வந்துரும்."

"வரல்லன்னா?"

செல்லசாமி எஞ்சினை நிறுத்தாமல், ஒரு கால் பிரேக்கிலும் ஒரு கால் கிளட்ச்சிலுமாக வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது எல்லாவற்றையும் மறந்து ரோட்டில் ஏறிவிடுவது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நல்லமுத்து ஒரு தடவை முனகினார். செல்லசாமியின் கை கியரைப் பிடித்து முதலாம் கியரில் போட்டது.

வளைவில் வேனின் விளக்கு தெரிந்தது.

ஆளை மாற்றி ஏற்றினார்கள். கதவு அடித்து மூடியது, வேன் பறந்தது. அது மறையும்வரை செல்லசாமி மழையில் நின்றார். பிறகு காரில் ஏறி, தலையைத் திருப்பி, தோட்டத்து ரோட்டில் பின்னோக்கி இறக்கத் தொடங்கினார்.